பிரான்ஸின் சாப்பாட்டு மேசை: நேரம், வரிசை, சட்டம்

பிரான்ஸில் மதியம் ஒரு மணிக்கு நாட்டு மக்களில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இன்சே 2010-இல் மக்கள் தங்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தபோது தெரியவந்த செய்தி இது. ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் 2 மணி 22 நிமிடம் என்றது அதே கணக்கெடுப்பு. 1986-இல் இருந்ததைவிட 13 நிமிடம் கூடியிருந்தது. நுண்ணலை அடுப்பும் உறைபதன உணவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் சமைக்கும் நேரம் குறைந்தது. மேசையில் உட்காரும் நேரம் மட்டும் குறையவில்லை.

இந்த நாட்டில் வந்து குடியேறும் நம்மவர் பலரும் பிரெஞ்சு உணவு என்றதும் வைன், பாலாடைக்கட்டி, நத்தை, தவளைக்கால் என்று பண்டங்களையே நினைக்கிறோம். அவற்றில் எது நமக்கு ஒத்துவரும், எது வராது என்று பட்டியல் போடுவதோடு பிரெஞ்சுப் பண்பாட்டை அறிந்துகொள்ளும் வேலை முடிந்துவிடுகிறது. லியோன் நகரில் வாழ்ந்து நான் கண்டது வேறு. இங்கே தட்டில் இருப்பதைவிட, எப்போது உட்காருகிறோம், எந்த வரிசையில் உண்கிறோம், யாரோடு உண்கிறோம் என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். அந்த மதிப்பைச் சட்டமும் பள்ளியும் நகராட்சியும் சேர்ந்து காவல் காக்கின்றன. அதனால்தான் இறைச்சி தொடாத ஒரு தமிழரும் பிரெஞ்சு உணவுப் பண்பாட்டுக்குள் முழுமையாக நுழைய முடியும் என்று நம்புகிறேன்.

வேலையிடத்திலிருந்து தொடங்கலாம். பணியாளர் தம் வேலை மேசையில் வைத்துச் சாப்பிட நிறுவனம் அனுமதிக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதன் வேர் 1894-இல் வந்த சுகாதார ஆணையில் இருக்கிறது. பட்டறைகளில் ஈயத் தூளும் பஞ்சுத் தூசியும் பறந்துகொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் வெளியேறினால்தான் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட முடியும். ஆகவே சாப்பாட்டு வேளையில் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். தூசி போய்க் கணினி வந்த பிறகும் விதி நிலைத்துவிட்டது. கோவிட் காலத்தில், 2021 பிப்ரவரியில், தொற்றுக்கு அஞ்சி அரசு அதைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோதுதான் இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரிந்தது. 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனம் உணவறை ஒன்றை ஒதுக்கித் தர வேண்டும். அதற்குக் குறைந்தால் சுத்தமான ஓர் இடமாவது காட்ட வேண்டும். உணவறையோடு கூடிய கேன்டீன் நடத்த முடியாத நிறுவனங்களுக்காக 1967-இல் உணவுச் சீட்டு முறை வந்தது. சீட்டின் மதிப்பில் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை முதலாளியின் பங்கு.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வந்து நம் மேசை அருகில் நிற்பார். சாப்பிடப் போகலாமா என்ற அந்தக் கேள்வி இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவரைத் தம் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் வழி. வேலை மேசையில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், சாப்பாட்டு மேசையில் தம் ஊர், மாமியார், வீட்டுக் கடன் எல்லாம் பேசுவார். வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தை வெட்கப்பட்டுத் தனியே உண்பவருக்கு இந்த வாசல் மூடியே இருக்கும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு உணவறைக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட வேண்டும். என்ன கொண்டுவந்தீர்கள், எப்படிச் செய்தது, தயிரில் என்ன மிதக்கிறது என்று கேள்விகள் வரும். அவற்றைத் துருவிக் கேட்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்ணும்போது உணவைப் பற்றிப் பேசுவது இங்கே மரியாதை. ஒரு சாப்பாட்டின் நடுவே போன மாதம் சாப்பிட்டதைப் பற்றியும் அடுத்த ஞாயிறு சமைக்கப்போவதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

சிற்றூர்களில் இந்த நேர ஒழுங்கு இன்னும் கறாரானது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், இரும்புக் கடை எல்லாம் சாத்திக் கிடக்கும். உணவகங்களில் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசியோடு கதவைத் தட்டினால் காப்பிதான் கிடைக்கும். எந்நேரமும் இட்லி கிடைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் கோபத்தைத்தான் தரும். ஆனால் ஊரே ஒரே நேரத்தில் உண்பதால்தான் சமையற்காரர் அன்று காலை வாங்கியதை அன்று மதியமே தீர்க்க முடிகிறது. சிலேட்டுப் பலகையில் சாக்கட்டியால் எழுதிய அன்றைய உணவு ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்து, நியாயமான விலைக்குத் தரவும் முடிகிறது. சாப்பாடு கேட்டு உட்கார்ந்தவருக்கு ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் இலவசம் என்பதும் 1967 முதல் அரசாணை. தண்ணீர்ப் புட்டிக்குப் பணம் கொடுக்கும் சுற்றுலாப் பயணிகள் பலருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது வரிசை. 2010-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது எந்தப் பிரெஞ்சுப் பண்டத்தையும் அன்று. ‘பிரெஞ்சுக்காரர்களின் விருந்து’ என்ற வழக்கத்தையே சேர்த்தது. பிறப்பு, திருமணம், பிறந்தநாள், நெடுநாள் கழித்துச் சந்திப்பு என்று வாழ்வின் தருணங்களைக் கொண்டாட மக்கள் கூடி உண்ணும் முறை அது. தொடக்கத்தில் ஒரு மதுவும் கொறியலும், பிறகு முன்னுணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, பாலாடைக்கட்டி, இனிப்பு, கடைசியில் ஒரு சிறு கோப்பை மது என்று அதற்கு ஓர் எலும்புக்கூடு உண்டு. எந்த உணவுக்கு எந்த வைன், மேசையை எப்படி அணி செய்வது, வாசனையும் சுவையும் பற்றி எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அந்த மரபின் பகுதிகளாகவே யுனெஸ்கோவின் குறிப்பில் இடம்பெற்றன.

இந்த ஒன்றன்பின் ஒன்று முறை பழங்காலந்தொட்டு வந்தது என்று நினைத்தால் அது சரியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை பிரெஞ்சு அரண்மனை விருந்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல தட்டுகளை ஒரே நேரத்தில் மேசை நிறையச் சமச்சீராகப் பரப்பிவைப்பார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் வாழையிலையில் பொரியலும் கூட்டும் அப்பளமும் முன்பே வந்து காத்திருப்பதைப் போல. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தட்டுகளைச் சூடாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் ரஷ்ய முறை பாரிஸில் வேர்பிடித்தது. ரஷ்யத் தூதர் குராக்கின் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அந்த முறைக்கேற்பச் சமையலறையே மாற வேண்டியிருந்தது. சமையற்கலைஞர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935) சமையற்காரர்களைப் படைப்பிரிவு போல அமைத்து, குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், குளிர் உணவுக்கு ஒருவர் என்று பிரித்ததன் காரணம் இதில் இருக்கிறது. பெரிய விடுதியில் நூறு மேசைக்கும் அடுத்தடுத்த தட்டு சூடு ஆறாமல் போக வேண்டுமே. இன்று உலகெங்கும் நட்சத்திர விடுதிகளின் சமையலறை நடப்பது எஸ்கோஃபியே வகுத்த ஒழுங்கில்தான்.

வீட்டு விருந்துக்கு அழைக்கப்படும் தமிழர் சறுக்கும் இடங்கள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. முன்னுணவிலேயே வயிற்றை நிரப்பிவிடுவோம். பச்சை இலைச் சாலட்டை முதலில் எதிர்பார்ப்போம். அது முக்கிய உணவுக்குப் பின்னால் வரும். பாலாடைக்கட்டி அதற்கும் பின்னால், இனிப்புக்கு முன்னால். அந்தப் பலகை மேசையைச் சுற்றி ஒருமுறைதான் வரும். மூன்று வகை எடுக்கலாம். முக்கோணத் துண்டின் கூர்நுனியை வெட்டி எடுத்துவிட்டால் வீட்டுக்காரர் முகம் மாறும், ஏனென்றால் நன்கு முதிர்ந்த நடுப்பகுதி எல்லாருக்கும் பங்குவர வேண்டும். ரொட்டித் துண்டைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். கைகள் இரண்டும் மேசைமேல் தெரிய வேண்டும்.

நம்மவர் எல்லாரும் சொல்லும் குறை ஒன்று இருக்கிறது: உறைப்பில்லை, சப்பென்று இருக்கிறது. இதற்கு வரலாறு தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. இடைக்காலப் பிரெஞ்சுப் பிரபுக்களின் சமையலில் மிளகு, இஞ்சி, பட்டை, கிராம்பு, குங்குமப்பூ, திப்பிலி எல்லாம் தாராளமாகவே இருந்தன. இறைச்சிக் குழம்பில் சர்க்கரையும் போட்டார்கள். நம் கடற்கரைகளிலிருந்து அரபு வணிகர் வழியாகவும் வெனிஸ் வழியாகவும் போன சரக்குகள் அவற்றில் உண்டு. விலை அதிகம் என்பதாலேயே அவை செல்வத்தின் அடையாளம். பதினேழாம் நூற்றாண்டில் கப்பல்கள் நேரே கிழக்குக்கு வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப்போனதும் மிளகு யாருக்கும் எட்டும் பொருளாகிவிட்டது. மேட்டுக்குடி தன்னை வேறுபடுத்திக்காட்ட வேறு வழி தேடியது. 1651-இல் வந்த சமையற்காரர் லா வாரெனின் சமையல் நூல் அந்தத் திருப்பத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. வெண்ணெய், தோட்டத்து மூலிகைகள், காளான், இறைச்சியைக் காய்ச்சி வடித்த சாறு ஆகியவை முன்னுக்கு வந்தன. சர்க்கரை மெல்ல மெல்ல இனிப்புத் தட்டுக்கு ஒதுங்கியது. முட்டைக்கோஸ் குழம்பு முட்டைக்கோஸாகவே சுவைக்க வேண்டும் என்பது புதிய கொள்கையாயிற்று.

இதை அறிந்த பிறகு நாக்கு வேறு இடத்தில் சுவையைத் தேடத் தொடங்குகிறது. பிரெஞ்சுச் சமையலில் ஆழம் மசாலாவிலிருந்து வராது, நேரத்திலிருந்து வரும். எலும்பையும் வெங்காயத்தையும் காரட்டையும் மணிக்கணக்கில் மெல்லிய தீயில் விட்டு, வடித்து, மறுபடி சுண்டவைத்து, கடைசியில் குளிர்ந்த வெண்ணெயைக் கலக்கி இறக்கும் ஒரு கரண்டிச் சாற்றில் அந்த வேலை முழுவதும் அடங்கியிருக்கும். மிளகாய்ப்பொடியைத் தூவினால் அது மறைந்துபோகும். நம் சமையலின் அருமையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தாளிப்பதும் சுண்டக் காய்ச்சுவதும் இரு வேறு வழிகள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தால் இரண்டுமே நம் கைக்கு வராமல் போய்விடும்.

இந்தப் பழக்கங்கள் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி பள்ளிக் கேன்டீனிலிருந்து. தொடக்கப் பள்ளியில் மதிய இடைவேளை குறைந்தது ஒன்றரை மணி நேரம். மழலையர் பள்ளிப் பிள்ளையும் உட்கார்ந்து, முன்னுணவு, முக்கிய உணவு, அதன் துணை, பால்பொருள், இனிப்பு அல்லது பழம் என்று நான்கைந்து கூறுகளாகத்தான் உண்கிறது. 2011-இல் வந்த விதிகள் இருபது நாள் சாப்பாட்டை ஒரு தொகுதியாக எடுத்துக்கொள்கின்றன. அந்த இருபதில் குறைந்தது பத்து நாள் முன்னுணவு பச்சைக் காய்கறியோ பழமோ ஆக இருக்க வேண்டும். எண்ணெயில் பொரித்த பண்டம் நான்கு நாளைத் தாண்டக் கூடாது. உப்பும் கெட்சப்பும் பிள்ளைகள் விருப்பம்போல் எடுக்கும்படி மேசையில் இருக்கக் கூடாது. தண்ணீரும் ரொட்டியும் வேண்டிய அளவு இருக்க வேண்டும். 1956 வரை பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் கேன்டீனில் மது பரிமாறத் தடை இருக்கவில்லை என்பது இன்றைய பிரெஞ்சுப் பெற்றோரையே திகைக்கவைக்கும் செய்தி. உயர்நிலைப் பள்ளிகளில் அது முழுக்க நின்றது 1981-இல்தான்.

சைவக் குடும்பங்களுக்கு இந்தக் கேன்டீன் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. பருப்பும் பட்டாணியும் பன்றிக்கொழுப்புத் துண்டோடு வரும் நாடு இது. 2018-இல் இயற்றிய ஏகாலிம் என்னும் உணவு, வேளாண்மைச் சட்டத்தின்படி 2019 நவம்பர் முதல் வாரம் ஒருநாள் சைவ உணவு பள்ளிகளில் வந்தது. 2021-இல் அது நிலையான விதியாயிற்று. பன்றி இறைச்சிக்கு மாற்று உணவு தர வேண்டுமா என்ற வழக்கு சில நகரங்களில் பெரும் அரசியலாக வெடித்தது. நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2020 டிசம்பரில், நகராட்சிகளுக்கு அது கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லியது. ஒரே மேசையில் எல்லாரும் ஒரே உணவை உண்பது சமத்துவம் என்ற குடியரசுக் கருத்து இதன் அடியில் இருக்கிறது. அந்தக் கருத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது சமத்துவம் ஆகாது. மாற்று உணவு வைக்கும் நகராட்சிகள்தான் சரியானதைச் செய்கின்றன.

ரொட்டிக்கு வருவோம். இந்த நாட்டின் அரசியலை ரொட்டியைத் தவிர்த்துச் சொல்ல முடியாது. 1775-இல் மாவு விலை ஏறிக் கலவரங்கள் மூண்டன. 1789 அக்டோபரில் பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்து போய் அரசனையே நகருக்கு அழைத்துவந்தார்கள். 1793-இல் புரட்சி அரசு பணக்காரனுக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்பது கூடாது, எல்லாருக்கும் ஒரே சமத்துவ ரொட்டி என்று ஆணையிட்டது. பாரிஸில் பேக்கரிக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் விடுமுறைக்குப் போய்விடாதபடி நகர நிர்வாகம் அவர்கள் விடுமுறையை முறைவைத்துப் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் அந்தப் புரட்சிக் காலத்தில் தோன்றி 2015 வரைக்கும் நீடித்தது.

இத்தனை உயர்வாகப் போற்றிய ரொட்டி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கெட்டும் போனது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இயந்திரங்கள் மாவை வேகமாக அடித்துப் பிசைந்தன. நிறம் வெளுக்க, உருவம் பெருக்க, சுவை போயிற்று. மாவை அளவுக்கு மீறிப் பிசைவதால் காற்றுப் பட்டு மணமும் நிறமும் அழிகின்றன என்று ரொட்டிக்கலைப் பேராசிரியர் ரேமோன் கல்வெல் பல்லாண்டுகள் எழுதியும் கற்பித்தும் வந்தார். சூப்பர் மார்க்கெட்டுகளின் உறைந்த மாவு ரொட்டியும் சிறு ரொட்டிக் கடைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் 1993 செப்டம்பர் 13-ஆம் நாள் அரசாணை வந்தது. ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்று விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவையே அடிப்படை. வேதிச் சேர்க்கை கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 1998-இல் இன்னொரு சட்டம்: மாவு பிசைந்து, உருட்டி, புளிக்கவிட்டு, சுடும் வேலை அதே இடத்தில் நடந்தால்தான் ‘பூலான்ஜெரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்டலாம். 2022 நவம்பரில் பகெத் என்னும் நீள ரொட்டி செய்யும் கைத்திறனும் பண்பாடும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

கடையில் வெறுமனே ஒரு பகெத் என்று கேட்காமல் ‘ஒரு திரதிசியோன்’ என்று கேட்டால் இந்த மரபு ரொட்டி கிடைக்கும். சில சென்ட் விலை கூடும். ஓடு நன்கு சிவந்து, உள்ளே ஒழுங்கற்ற துளைகளோடு பாலேட்டு நிறத்தில் இருக்கும். நன்றாகச் சிவந்ததா, வெளிறியதா என்று கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன் ‘போன்ழூர்’ சொல்லிவிட வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே பண்டத்தைக் கேட்பவரை இந்த நாட்டில் முரடர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பாரிஸ் நகராட்சி 1994 முதல் ஆண்டுதோறும் சிறந்த மரபு பகெத்துக்குப் போட்டி நடத்துகிறது. யாருடையது என்று தெரியாமல் நடுவர்கள் தோற்றம், மணம், வேக்காடு, உட்பகுதி, சுவை பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வென்றவர் ஓராண்டு எலிசே மாளிகைக்கு, அதாவது குடியரசுத் தலைவர் மேசைக்கு, ரொட்டி அனுப்புவார். 2023-இல் அந்தப் பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து 2006-இல் பிரான்ஸுக்கு வந்த தமிழர், பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில் பேக்கரி நடத்துகிறார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் சுடரை ஏந்தி ஓடியவர்களில் ஒருவராகவும் இருந்தார். செய்தி வந்த அன்று தமிழர் வீடுகளில் பொங்கிய பெருமிதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் பரிசு தனியே வானத்திலிருந்து விழவில்லை. 1980-களிலிருந்து போருக்குத் தப்பிவந்த ஈழத்தமிழர் பலருக்குப் பாரிஸில் முதல் வேலை கிடைத்த இடம் உணவகச் சமையலறைதான். மொழி தெரியாதவருக்கு அங்கே பாத்திரம் கழுவும் தொட்டி திறந்திருந்தது. பின்னர் காய் நறுக்குதல், பின்னர் குளிர் உணவு, பின்னர் அடுப்பு என்று படிப்படியாக ஏறினார்கள். பாரிஸின் பெயர்பெற்ற எத்தனையோ மரபு உணவகங்களில் வெங்காய சூப்பையும் வாத்துக்கறியையும் ஆக்கி இறக்கும் கை தமிழ்க் கையாக இருக்கிறது. பிரெஞ்சு உணவை நாம் கண்டுகொண்ட கதையை மேசைப் பக்கத்திலிருந்து மட்டும் எழுதுவது நியாயமாகாது. வேலை முடிந்து நள்ளிரவு ரயிலில் வீடு திரும்பிய அந்த மனிதர்கள் நம் எல்லாருக்கும் முன்பே, சமையலறைப் பக்கத்திலிருந்து, அதைக் கற்றுவிட்டார்கள்.

இடமும் பண்டமும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணம் இங்கே ஆழமானது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் மண்ணும் வரியும் வானிலையும்தான் காரணம். வடமேற்கிலுள்ள பிரிட்டனியில் வெண்ணெய் உப்பாக இருக்கிறது, மற்ற இடங்களில் உப்பில்லை. மன்னராட்சியில் கபெல் என்னும் உப்புவரி நாட்டின் பெரும்பகுதியில் மக்களை வதைத்தபோது, விலக்குப் பெற்ற பகுதிகளில் பிரிட்டனியும் ஒன்று. கடலோரத்து உப்பு அங்கே மலிவாகக் கிடைத்ததால் வெண்ணெயை உப்பிட்டுக் காத்தார்கள். வரி போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாக்கு அதை மறக்கவில்லை.

ஜூரா மலைகளின் கோம்தே பாலாடைக்கட்டிச் சக்கரம் ஏறத்தாழ நாற்பது கிலோ எடை. அதற்கு நானூறு லிட்டர் பால் வேண்டும். அத்தனைப் பால் ஒரு வீட்டு மாடுகளிடம் கிடைக்காது. நீண்ட பனிக்காலத்துக்குப் பாலைச் சேமித்துவைக்க வேறு வழியும் இல்லை. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே அங்குள்ள உழவர்கள் பாலை ஒன்றுசேர்த்தார்கள். அந்தக் கூட்டுறவுகள் இன்றும் நடக்கின்றன.

ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியை முதிரவைக்கும் உரிமை அந்த ஊர்க் குகைகளுக்கே என்று 1411-இல் ஆறாம் சார்லஸ் மன்னர் எழுதிக்கொடுத்தார். 1925-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1935-இல் வைன்களுக்கு ஊர்ப்பெயர்க் காப்பு முறை அமைந்தது. பிறகு அது மற்ற பண்டங்களுக்கும் பரவி, இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் செல்லுபடியாகிறது. 1999-இல், ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பா மறுத்ததற்குப் பதிலடியாக அமெரிக்கா ரோக்ஃபோர் மீது கூடுதல் சுங்கம் விதித்தது. ஆட்டுப்பால் உழவரான ஜொசே பொவே தம் கூட்டாளிகளோடு போய், மியோ நகரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப்போட்டார். சிறை சென்றார், நாடறிந்த தலைவரானார், பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போனார். ஒரு பாலாடைக்கட்டிக்காக நடந்த போராட்டம் உலகமயமாக்கலைப் பற்றிய விவாதமாக மாறிய நாடு இது.

வாரச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவர் கமம்பேரை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இன்று இரவுக்கா நாளைக்கா என்று கேட்பார். பழக்கடையில் முலாம்பழத்துக்கும் இதே கேள்வி. உங்கள் விருந்து எப்போது என்று தெரிந்தால்தான் அவர் சரியான பழத்தைத் தர முடியும். மொழி கற்கும் வகுப்பில் கிடைக்காத பிரெஞ்சு எனக்குச் சந்தையில் கிடைத்தது. கேள்வி கேட்டால் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வார்கள். பின்னால் நிற்கும் பாட்டியும் தம் செய்முறையைச் சேர்த்துச் சொல்வார்.

லியோனைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரெஞ்சுச் சமையல் என்றால் வெள்ளைத் தொப்பி அணிந்த ஆண்கள் என்ற எண்ணத்தை இந்த ஊர் மறுக்கிறது. செல்வர் வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையிழந்தபோது தாமே சிறு உணவகங்கள் திறந்தார்கள். ‘லியோன் அம்மாக்கள்’ என்று ஊர் அவர்களை அழைத்தது. பண்ணை வீட்டில் பிறந்து வேலைக்காரியாக நகருக்கு வந்த யூஜெனி பிராசியே 1933-இல் தம் இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். ஆறு நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆள் அவரே. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற போல் பொக்கூஸ் அவர் சமையலறையில் தொழில் பழகியவர். ஊரின் பெரிய அங்காடிக்குப் பொக்கூஸின் பெயர். பிராசியேக்கு அதில் பாதிப் புகழாவது சேர வேண்டும்.

இவையெல்லாம் அசையாமல் நிற்கின்றன என்று சொல்லவில்லை. 1960-இல் ஆண்டுக்கு ஒருவர் நூறு லிட்டருக்கு மேல் வைன் குடித்த நாட்டில் இன்று அது நாற்பது லிட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. விருந்தில் மது வேண்டாம் என்றால் இப்போது யாரும் காரணம் கேட்பதில்லை. உணவகங்கள் பல ஆலையில் ஆக்கிய உறை உணவைச் சூடாக்கித் தருகின்றன என்ற புகார் வலுத்ததால், 2014-இல் ‘இங்கேயே சமைத்தது’ என்று காட்டும் வீட்டுக்கூரை முத்திரையை அரசு கொண்டுவந்தது. ஐரோப்பாவிலேயே மெக்டொனால்ட்ஸ் நன்றாக ஓடும் நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. ஆனால் அங்கேயும் கூட்டம் அலைமோதுவது பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில்தான். கூட்டமாக வந்து உட்கார்ந்துதான் உண்கிறார்கள்.

பிற நாட்டு உணவு இங்கே எப்படி இடம்பிடிக்கிறது என்பதைப் பார்த்தாலும் இதே ஒழுங்கு தெரியும். அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்றபோது அங்கிருந்து திரும்பிய பிரெஞ்சுக் குடும்பங்களோடும், வேலை தேடி வந்த வட ஆப்பிரிக்கர்களோடும் கூஸ்கூஸ் என்னும் கோதுமை ரவை உணவு வந்தது. இன்று பிரெஞ்சுக்காரருக்குப் பிடித்த உணவுகள் எவை என்று கேட்டால் முன்வரிசையில் அது நிற்கிறது. இந்திய உணவகங்களும் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நடத்துவோரில் நம்மவரும் பலர். மதிய விலைப்பட்டியலில் சமோசா முன்னுணவு, கோழிக் குழம்பும் பாஸ்மதிச் சோறும் முக்கிய உணவு, மாம்பழ ஐஸ்கிரீம் இனிப்பு. நடுவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இல்லாமல் பிரெஞ்சுக்காரருக்கு மனம் ஆறாது என்பதால் முக்கோண வடிவில் விற்கும் உருக்கிய பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துச் சுட்ட ‘சீஸ் நான்’ ரொட்டி பிறந்தது. இந்தியாவில் இப்படி ஒன்றைத் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். இங்கே அது இல்லாத இந்திய உணவகத்தைக் காண்பது கடினம்.

பாரிஸ் லா சப்பெல் பகுதியின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் மட்டும் இந்த வரிசைக்கு இன்னும் முழுதாக வளையவில்லை. தோசையும் சம்பலும் சாம்பாரும் அங்கே ஒரே தட்டில் ஒன்றாகவே வருகின்றன, மூன்று மணிக்குப் போனாலும் அடுப்பு எரிகிறது. அண்மைக் காலமாக அந்த மேசைகளில் பிரெஞ்சு இளைஞர் கூட்டம் கூடிவருகிறது. அவர்களில் பலர் தோசையை முதலில் தனியே தின்று முடித்து, சாம்பாரைப் பிறகு கரண்டியால் சூப்பாகக் குடிக்கிறார்கள். கடைக்கார அண்ணன் பக்கத்தில் வந்து, தோசையைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துக் காட்டிவிட்டுப் போவார்.